விசைப்படகின் அடிப்பாகத்தைப் பார்த்தே அதன் ஓட்டத்தைக் கணிப்பது எப்படி?

படகு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் இன்ஜினுக்கு எத்தனை குதிரைத்திறன் என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன் டிரெய்லருக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஓடும்போது தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளப்படும்? காற்று எந்த வழியாக நுழையும்? எவ்வளவு விசித்திரமான வடிவமும் இந்த இரண்டு கேள்விகளில் பிடிபட்டுவிடும்.

படி 1: பின்பக்கம்

அடிப்பாகம் பின்னால் வளைந்து மேலேறினால், அது தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் படகு. நீர்மட்ட நீளம் 25 அடி என்றால், அதன் வர்க்கமூலம் 5, அதை 1.34 ஆல் பெருக்கினால் 6.7 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்). கிட்டத்தட்ட அதுதான் அதன் வேகத்துக்கு எல்லை. பின்பக்கம் வெட்டினாற்போல் தட்டையாக முடிந்தால், அது தன் அலை மீதே ஏறி வழுக்கி ஓடும் வகை.

படி 2: கோணம்

செல்போனில் மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறந்து, அடிப்பாகத்தின் பின்முனையில் நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமாக, மேடு இல்லாத இடத்தில் போனைக் குறுக்காக ஒட்டிப் பிடியுங்கள். மறுபக்கமும் பாருங்கள். டிரெய்லர் சாய்ந்து நின்றால் ஒரு பக்கம் 20, மறுபக்கம் 24 என்று காட்டும். சராசரி 22 டிகிரி. 10க்குக் கீழே என்றால் சின்ன இன்ஜினே போதும், ஆனால் அலையில் முதுகு நொறுங்கும். 20ஐத் தாண்டினால் ஆழமான 'வி' (பின்னாலிருந்து பார்த்தால் ஆங்கில V எழுத்துபோல் தெரியும்): அலையை வெட்டிப் போகும், நிற்கும்போது அதிகம் ஆடும், எரிபொருளும் கூடுதலாகக் கேட்கும். 1960இல் கொந்தளிப்பான கடலில் நடந்த மயாமி–நசாவ் பந்தயத்தில் ரிச்சர்ட் பெர்ட்ராமின் 'மோப்பி' என்ற படகு வென்றது இந்த வடிவத்தால்தான். வடிவமைத்தவர் ரே ஹன்ட்.

படி 3: 'வி' தலைகீழாக இருக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது. கனடாவைச் சேர்ந்த ஆல்பர்ட் ஹிக்மன் 1910களில் உருவாக்கிய 'ஸீ ஸ்லெட்' முன்பக்கம் சதுரமாக இருக்கும். இரு ஓரங்களும் கீழே இறங்க, நடுவில் ஒரு சுரங்கம். மற்ற படகுகள் அலையை வெளியே வீசும்; இது உள்ளே சுருட்டிக்கொள்ளும். சுரங்கத்தில் காற்றும் தண்ணீரும் கலந்து மெத்தைபோல் தாங்கும். ஓரத்தில் ஆள் நின்றாலும் படகு சாயாது.

சிக்கல் பின்னால் இருக்கிறது. நுரைத்த தண்ணீர் நேராகப் ப்ரொப்பல்லருக்குப் போனால் அது பிடிமானம் இழந்து வெறுமனே சுற்றும். ஹிக்மன் பாதி நீருக்கு மேலே சுழலும் ப்ரொப்பல்லர்களை வைத்து இதைச் சமாளித்தார்.

படி 4: நடுவில் மூன்றாவது முகடு

பாஸ்டன் வேலர் படகை உருவாக்கிய ரிச்சர்ட் ஃபிஷரும், மோப்பியை வடிவமைத்த அதே ரே ஹன்ட்டும் ஸீ ஸ்லெட் வழியில் தொடங்கி, அவுட்போர்டு மோட்டாரில் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் மோட்டார்) அதே காற்றுத் தொல்லையைச் சந்தித்தார்கள். நடுவில் மூன்றாவது முகடு சேர்த்ததும் மோட்டாருக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது. 1958இல் வந்த 13 அடி பாஸ்டன் வேலர் அப்படிப் பிறந்ததுதான். நிற்கும்போது அசையாது, ஆனால் சிற்றலையில் தடதடவென்று அடிக்கும், ஆளையும் நனைக்கும். ஏரி, கழிமுகத்துக்கு இதையே தேர்ந்தெடுப்பேன்.

படி 5: குறுக்கே படிக்கட்டு

அடிப்பாகத்தின் குறுக்கே வெட்டியதுபோல் படிகள் இருந்தால், ஓரத் திறப்புகள் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும்; தண்ணீரோடு உரசும் பரப்பு குறையும், வேகம் கூடும். அந்தத் திறப்புகளில் பாசியோ சிப்பியோ அடைத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சோதனை ஓட்டத்தில் முன்பக்கம் தாழ்ந்திருக்கும்போது முழு வேகத்தில் திருப்பவே வேண்டாம். பின்பக்கம் பிடிவிட்டுப் படகு சட்டென்று சுழன்றுவிடும். வேகத்தைக் குறைத்து, முன்பக்கம் எழும்படி மோட்டாரின் சாய்வைச் சரிசெய்து, பிறகு திருப்புங்கள்.