ஏஐ எழுதும் முன்மொழிவு, நாம் கொடுக்கும் வாக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் மொட்டை மாடிச் சூரிய மின் அமைப்புகளை நிறுவும் சிறிய நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களுக்கான முன்மொழிவுகளை எழுதுவது என் வேலை. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், பீனியாவிலும் பொம்மசந்திராவிலும் உள்ள பட்டறைகள், எல்லையைத் தாண்டி ஓசூரில் உள்ள சில தொழிற்கூடங்கள் ஆகியோரே எங்களுக்கு வேலை தருகிறவர்கள். முன்பு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய பன்னிரண்டு பக்க ஆவணத்தை இப்போது ஏஐ உதவியாளர் சில நிமிடங்களில் எழுதித் தருகிறது. அந்த வசதியைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்தல்ல. நானும் தினமும் அதைப் பயன்படுத்துகிறேன், அதனால் பட்டும் இருக்கிறேன்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒரு முன்மொழிவு ஏற்கப்படும்போது அது வாக்குறுதி ஆகிறது என்று தன் இரண்டாம் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. நாம் அனுப்பும் எல்லாக் காகிதமும் அந்தச் சட்டப் பொருளில் முன்மொழிவு ஆகிவிடாது என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆனால் வாடிக்கையாளர் தம் ஒர்க் ஆர்டரில் ‘தங்களது இன்ன தேதியிட்ட முன்மொழிவின்படி’ என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிட்டால், அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் பிறகு நம் முன் எடுத்து வைக்கப்படும். இந்தப் பாரம் ஏஐக்குத் தெரியாது. பத்தி அழகாக முடிய வேண்டும் என்பதற்காகவே அது நம் பெயரில் ஒரு வாக்கைக் கொடுத்துவிடும். நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

மாடி ஏறிப் பார்க்கும் முன் எழுதச் சொல்வது

ஒரு கிலோவாட் அமைப்புக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் தேவை என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். மாடியின் பரப்பு 4,000 சதுர அடி என்று ஏஐயிடம் சொன்னால், அது நூறால் வகுத்து 40 கிலோவாட் என்று எழுதும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையில் எந்தப் பக்கம் விழுகிறது, லிஃப்ட் அறைக்கு வடக்கே எவ்வளவு இடம் வீணாகிறது, பக்கத்து மனையில் இன்னும் இரண்டு தளம் எழும்பப் போகிறதா, துணி உலர்த்தும் இடத்தை விட்டுக்கொடுக்க மறுக்கும் நான்காம் மாடிக்காரர் யார் என்பதெல்லாம் மேலே ஏறிப் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். அப்படிப் பார்த்த ஒரு கட்டடத்தில் கடைசியில் 18 கிலோவாட்டுக்குத்தான் இடம் இருந்தது. பெங்களூரில் ஒரு கிலோவாட் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும் என்று கொண்டால், ஏஐயின் 40 கிலோவாட்டை நம்பி மாதம் 4,800 யூனிட் என்று எழுதியிருக்கக்கூடிய இடத்தில் 2,160 என்று எழுத நேர்ந்தது. தளத்தைப் பார்க்காமல் முதல் எண்ணை அனுப்பியிருந்தால், அந்த வித்தியாசத்துக்கு நாங்கள்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் சராசரியிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆண்டு உற்பத்தியைப் பன்னிரண்டால் வகுத்து, எல்லா மாதங்களுக்கும் ஒரே எண்ணை எழுதும் பழக்கம் ஏஐக்கு உண்டு. மார்ச் மாத வெயிலும் ஜூலை, ஆகஸ்டின் மூடிய வானமும் ஒன்றல்ல என்பது இந்த ஊரில் ஓராண்டு வாழ்ந்த எவருக்கும் தெரியும். சமமாகப் பிரித்த அட்டவணையை நம்பிய சங்கச் செயலாளர், பெங்களூரின் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் ஆகஸ்டு மாத பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நமக்குத் தொலைபேசியில் அழைக்கும்போது, ‘ஆண்டுக் கணக்கில் சரியாகிவிடும், சார்’ என்ற பதில் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் எடுபடாது. மாதவாரியான எதிர்பார்ப்பை நாமே தயாரித்து, அதை ஏஐயிடம் கொடுத்து, விளக்க வாக்கியங்களை மட்டும் எழுதச் சொல்வதே சரியான வரிசை.

உத்தரவாதப் பகுதிதான் என்னை மிகவும் பயமுறுத்துவது. ‘25 ஆண்டு முழு உத்தரவாதம்’ என்று ஏஐ கூசாமல் எழுதும். உண்மையில் அங்கே மூன்று நான்கு வெவ்வேறு உத்தரவாதங்கள் கலந்து கிடக்கின்றன. பேனலின் பொருள் உத்தரவாதம் பெரும்பாலும் 10 அல்லது 12 ஆண்டுகள். 25 ஆண்டு என்பது உற்பத்தித் திறன் படிப்படியாகக் குறைந்தாலும் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாது என்பதற்கு மட்டுமே. இன்வெர்ட்டருக்குத் தனிக் காலம், பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகள். இவை எல்லாம் தயாரிப்பாளர் தருபவை. கம்பி இழுத்ததும் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை நிறுத்தியதும் மட்டுமே நம் பொறுப்பு. இவற்றை ஒரே வாக்கியத்தில் உருட்டிவிட்டால், தயாரிப்பாளரின் வாக்கும் நம் தலைமேல் ஏறிக்கொள்ளும்.

கால அட்டவணையும் அப்படித்தான். ‘நெட் மீட்டரிங் உட்பட 30 நாட்களில் முடித்துத் தரப்படும்’ என்ற வரியை எத்தனை முறை அழித்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. நிறுவும் நாட்களை நாம் சொல்லலாம். நெட் மீட்டரிங்குக்கான பெஸ்காமின் ஆய்வும், வாங்கும் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பும் மின்சாரத்தையும் அளக்கும் இருவழி மீட்டர் பொருத்தப்படுவதும் நம் கையில் இல்லை. ஆகவே இரண்டையும் தனித்தனி வரிகளாக எழுத வேண்டும். இதோடு பணம் பெறும் நிபந்தனையும் பின்னிப் பிணைந்திருக்கிறது. எங்கோ படித்த மாதிரியை வைத்து, பாதி அட்வான்ஸ், மீதி வேலை முடிந்து முப்பது நாளில் என்று ஏஐ எழுதும். ஆனால் முழுத் தொகையும் கணக்கில் வந்த பிறகே பேனல் விநியோகஸ்தர் சரக்கை லாரியில் ஏற்றுவார். அந்தப் பாதி அட்வான்ஸில் சரக்கு வராது, மீதித் தொகை மீட்டர் வரும்வரை நிற்கும், இடையில் நம் முதல் முடங்கும். வேலை நன்றாக நடந்தும் கையைக் கடித்துக்கொள்ளும் சிறு நிறுவனங்கள் பலவற்றின் கதை இந்த ஒரு பத்தியில்தான் தொடங்குகிறது.

வரியும் மானியமும்

ஏஐயின் அறிவு ஒரு தேதியோடு நின்றுவிடுகிறது, வரி விகிதங்கள் நிற்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. நிறுவித் தரும் முழு ஒப்பந்தத்தில் மதிப்பின் 70 விழுக்காடு பொருளாகவும் 30 விழுக்காடு சேவையாகவும் கொள்ளப்படுவதால், முன்பு 13.8 ஆக இருந்த மொத்த விகிதம் இப்போது 8.9 விழுக்காடு. வரிக்கு முன் 6,00,000 ரூபாய் மதிப்புள்ள வேலைக்கு இப்போதைய வரி 53,400 ரூபாய். பழைய விகிதத்தில் அது 82,800. ‘சேவைதானே’ என்று 18 விழுக்காடு போட்டால் 1,08,000. மூன்று எண்களையும் வெவ்வேறு நாட்களில் ஏஐ எனக்கு எழுதித் தந்திருக்கிறது, மூன்று முறையும் ஒரே உறுதியான குரலில். வரியைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, போட்டியாளரின் விலை குறைவென்று வாடிக்கையாளர் ஒதுங்கிப் போனால் காரணம்கூட நமக்குத் தெரியாது.

ஓசூர் வாடிக்கையாளர்கள் விஷயத்தில் இன்னொரு வழுக்கல். பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான், அத்திபள்ளியைத் தாண்டினால் ஊர் வந்துவிடும்; ஆனால் மாநிலம் மாறிவிடுகிறது. எங்கள் ஜிஎஸ்டி எண் 29ல் தொடங்குகிறது, அவர்களுடையது 33ல். அங்கே மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி வர வேண்டும். முந்தைய பெங்களூர் முன்மொழிவை மாதிரியாகக் கொடுத்து எழுதச் சொன்னால், ஒரே மாநிலத்துக்குள் போடும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்ற இரு வரிகளையும் அது பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்கும்.

மானியத்தில் நேரும் பிழை இதைவிடக் கசப்பானது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாயும், குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு. தொழிற்கூடங்களுக்கு இது கிடையாது. ஆனால் ‘சூரிய மின்சாரம்’ என்ற சொல்லைக் கண்டதும், பீனியா பட்டறைக்கான முதலீடு திரும்பும் காலக் கணக்கிலும் ஏஐ மானியத்தைக் கழித்துவிடும். போட்ட பணம் நான்கு ஆண்டில் திரும்பும் என்று நம்பிக் கையெழுத்திட்டவர், மானியம் வராது என்று பிறகு அறிந்தால், நம்மை ஏமாற்றுக்காரர் என்றுதான் நினைப்பார். அவர் நினைப்பில் தவறும் இல்லை.

இல்லாத பெருமை

நிறுவன அறிமுகத்தை எழுதச் சொன்னால், நாம் சொல்லாத அனுபவமும், வாங்காத ஐஎஸ்ஓ சான்றிதழும், ‘நூற்றுக்கணக்கான மகிழ்ச்சியான வாடிக்கையாளர்களும்’ தாமாகவே வந்து அமர்ந்துவிடும். இது சிறு நிறுவனங்களின் பிரச்சினை மட்டுமல்ல. ஆஸ்திரேலிய அரசுக்காகப் பன்னாட்டு ஆலோசனை நிறுவனமான டெலாய்ட் ஏஐ உதவியோடு தயாரித்த ஏறத்தாழ 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் மதிப்புள்ள அறிக்கையில் இல்லாத ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது தெரியவந்து, 2025 அக்டோபரில் அந்நிறுவனம் தொகையின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இது நழுவியது என்றால், நம் அலுவலகத்தில் மாலை ஏழு மணிக்கு அவசரமாக அனுப்பும் ஆவணத்தில் நழுவாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செய்து முடித்த வேலைகளின் பட்டியல் ஒன்றை, இடம், கிலோவாட், ஆண்டு ஆகிய விவரங்களோடு நாமே தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, அதில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன பிறகும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறு, கொடுக்கக் கூடாததைக் கொடுப்பது. வாடிக்கையாளரின் மின் பில்லை அப்படியே படமெடுத்து ஏஐயில் ஏற்றுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் அவருடைய பெயர், முகவரி, மின் இணைப்புக்குரிய ஆர்.ஆர். எண் எல்லாம் இருக்கின்றன. கணக்குக்கு வேண்டியதோ ஒப்புதல் பெற்ற மின்சுமையும் பன்னிரண்டு மாத யூனிட்டும் மட்டுமே. போட்டியாளரின் விலைப் பட்டியலை வாடிக்கையாளர் நம்பிக்கையோடு காட்டியிருந்தால், அதை ஏற்றுவது இன்னும் மோசம். சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் மூல நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டிய பிறகு, 2023இல் அந்நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. இங்கேயும் 2023ஆம் ஆண்டின் எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன.

சின்னச் சின்ன இடறல்களைச் சொல்லிவிட்டுப் போகிறேன். லட்சம், கோடி எழுத வேண்டிய இடத்தில் மில்லியன் வருவது. 03/04 என்ற தேதி மார்ச்சா ஏப்ரலா என்று குழப்புவது. ‘நிச்சயமாக, இதோ உங்கள் முன்மொழிவு’ என்ற வரி முதல் பக்கத்திலேயே தங்கிவிடுவது. ஒருமுறை ஒரே உரையாடலில் இரண்டு சங்கங்களுக்கு அடுத்தடுத்து எழுதியதில், முதல் சங்கத்தின் லிஃப்ட் மோட்டார் விவரம் இரண்டாவது சங்கத்தின் ஆவணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கூட்டத்தில் அதைச் சுட்டிக்காட்டிய பெரியவர் சிரித்தார். எங்களுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

அதன்பின் நான் ஏஐயிடம் எழுதச் சொல்வதைவிடக் கேள்வி கேட்கச் சொல்வது அதிகம். முடித்த வரைவைக் கொடுத்து, சிக்கனமான ஒரு சங்கப் பொருளாளராக இருந்து சந்தேகங்களைப் பட்டியலிடச் சொல்கிறேன். அது உண்மையிலேயே பயன் தருகிறது. ஆயினும் சென்ற மாதம் அது கேட்ட இருபது கேள்விகளில் இல்லாத ஒன்றை, ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பொருளாளர் அம்மா எடுத்த எடுப்பில் கேட்டார். பராமரிப்புப் பகுதியில் ‘வாரம் ஒருமுறை பேனல்களைக் கழுவ வேண்டும்’ என்று ஏஐ எழுதியிருந்ததை நான் திருத்தாமல் விட்டிருந்தேன். 2024 மார்ச்சில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்ததை அவர் மறக்கவில்லை. போர்வெல் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைப் படிவை விட்டுவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அப்படியானால் வாராவாரம் டேங்கர் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது, அதை முதலீடு திரும்பும் கணக்கில் எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்றார். நான் லேப்டாப்பை மூடிவிட்டு, இரண்டு நாளில் திருத்திக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.