ஏஐஓ கூலரைச் சோதிக்கிறீர்களா? அரை மணி நேரம் பொறுங்கள்

கம்ப்யூட்டர் பிராசஸரின் சூட்டை, பம்ப் ஓட்டும் திரவத்தில் ஏற்றி, ஃபேன்கள் பொருத்திய ரேடியேட்டர் வழியாக வெளியேற்றுவதுதான் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) லிக்விட் கூலர். புதிதாக அதை மாட்டியதும் பெரும்பாலானவர்கள் பிராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை ஒரு தடவை ஓட்டி, வெப்பநிலை குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு கேபினெட்டை மூடிவிடுகிறார்கள். என் முதல் கூலரில் நானும் அதையேதான் செய்தேன். ஐந்து நிமிடச் சோதனையில் 68 டிகிரி காட்டியது. அன்று இரவு ஒரு நீளமான வீடியோ ரெண்டரைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் 81. கூலரில் ஒரு கோளாறும் இல்லை, நான் அளந்த நேரம்தான் தப்பு.

காரணம் உள்ளே ஓடுகிற திரவம். அதில் பெரும்பகுதி தண்ணீர், கூடவே கிளைகால் என்ற வேதிப்பொருளும் அரிப்பைத் தடுக்கும் பொருள்களும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 ஜூல் வேண்டும், அதே ஒரு கிராம் செம்புக்கு 0.39 ஜூல் போதும். ஆக ஆரம்ப நிமிடங்களில் வெப்பத்தைத் தண்ணீரே வாங்கி வைத்துக்கொள்கிறது, ரேடியேட்டரும் ஃபேன்களும் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளுகின்றன என்பது தண்ணீர் சூடான பிறகுதான் தெரியும். எனவே குறைந்தது 30 நிமிடம் தொடர்ச்சியான சுமை கொடுங்கள், கடைசி ஐந்து நிமிடத்தின் சராசரியை மட்டும் கணக்கில் எடுங்கள். கூலரே திரவத்தின் வெப்பநிலையைக் காட்டும் மாடல் என்றால் இன்னும் நல்லது, அந்த எண் ஏறுவது நிற்கும் வரை காத்திருந்தால் போதும்.

சரி, சோதனைக்கு முன்னால் மாட்டுவதைச் சரியாகச் செய்ய வேண்டும். பிராசஸரின் மேல் உட்காரும் கூலரின் செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள், அவசரத்தில் நிறையப் பேர் இதை மறக்கிறார்கள். திருகுகளை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றிச் சில சுற்றுகளாக இறுக்குங்கள். ஒரு தடவை மாட்டிவிட்டு உடனே கழற்றியும் பாருங்கள், தெர்மல் பேஸ்ட் கொஞ்சம் வீணானாலும் பரவாயில்லை. நடுவில் மெல்லிய படலமாகவும் ஓரங்களில் பிதுங்கியும் இருந்தால் அழுத்தம் சமமாக விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தடிமனாக, கிட்டத்தட்ட தொடாத மாதிரி இருந்தால் திருகு சரியில்லை, துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் பிராசஸர்களில் வெப்பம் உண்டாகும் சிப்புகள் மூடியின் நட்டநடுவில் இல்லை, ஓர் ஓரமாகத் தள்ளி இருக்கின்றன. கூலரை அந்த ஓரமாகத் தள்ளி மாட்ட உதவும் ஆஃப்செட் பிராக்கெட் கூடவே வந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்து, எதெல்லாம் மாறக்கூடாதோ அதையெல்லாம் கட்டிப்போடுங்கள். பம்ப் முழு வேகத்தில் இருக்கட்டும். ஃபேன் வேகத்தை பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) ஒரே எண்ணில் நிறுத்துங்கள். இதைவிட முக்கியம் பிராசஸர் இழுக்கும் வாட். இன்டெல் என்றால் பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு மின் வரம்புகளையும் ஒரே எண்ணில் வையுங்கள், ஏஎம்டி என்றால் பிபிடி என்ற மின் வரம்பை. இதைச் செய்யாமல் ரைசன் 7000 வரிசையின் பெரிய பிராசஸர்களில் சோதித்தால் நல்ல கூலரும் மோசமான கூலரும் இரண்டுமே 95 டிகிரி என்று காட்டக்கூடும், ஏனென்றால் இடம் கிடைக்கிற வரைக்கும் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு வேகத்தைக் கூட்டும்படிதான் அவை வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. வாட்டைக் கட்ட மனமில்லை என்றால் வெப்பநிலையை விட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து பிராசஸரின் வேகம் எத்தனை மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது என்று பாருங்கள்.

அறை வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். தெர்மாமீட்டரை மேசை ஓரத்தில் வைக்காமல் ரேடியேட்டருக்குள் காற்று நுழையும் இடத்தில் வைக்க வேண்டும், கேபினெட்டுக்குள் கிராஃபிக்ஸ் கார்டு சூடாக்கிய காற்றும் அதே வழியாகப் போகலாம் அல்லவா. பிராசஸர் வெப்பநிலையிலிருந்து அதைக் கழித்து வரும் எண்தான் ஒப்பிடத் தகுந்தது. 30 டிகிரி அறையில் 80 காட்டும் கூலரும் 22 டிகிரி அறையில் 72 காட்டும் கூலரும் ஒரே தரம்தான், இரண்டிலும் வித்தியாசம் 50. இரண்டு கூலர்களுக்கு நடுவே ஓரிரண்டு டிகிரிதான் வித்தியாசம் என்றால் அதைப் பொருட்படுத்தாதீர்கள், ஒரே கூலரைக் கழற்றி மாட்டினாலே அந்த அளவு மாறும்.

அளவு பற்றிச் சுருக்கமாக: 280 மிமீ ரேடியேட்டரின் (இரண்டு 140 மிமீ ஃபேன்) பரப்பு 240ஐவிட (இரண்டு 120 மிமீ ஃபேன்) மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம், 360க்கு (மூன்று 120 மிமீ ஃபேன்) ரொம்பக் கிட்டத்தில் வந்துவிடும். கேபினெட்டில் 360 நுழையாதவர்கள் 280ஐ மறந்துவிடாதீர்கள். மேலே மாட்டுவதானால் 27 மிமீ ரேடியேட்டரும் 25 மிமீ ஃபேனும் சேர்ந்து 52 மிமீ, அது ரேம் ஸ்டிக்கில் இடிக்காதா என்று வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

சத்தம்தான் நான் அதிகம் கவனிப்பது, ஏனென்றால் தினமும் கூடவே இருப்பது அதுதான். ஃபேனை வேகமாகச் சுழற்றினால் எந்தக் கூலரும் நல்ல எண் காட்டிவிடும், எனவே பழைய கூலரையும் புதியதையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, அதற்கப்புறம் வெப்பநிலையை ஒப்பிடுங்கள். போனில் இருக்கும் டெசிபல் ஆப் துல்லியமானது இல்லை, ஆனால் அதே போனை அதே தூரத்தில் வைத்து இரண்டையும் அளந்தால் ஒப்பீட்டுக்கு உதவும். பிறகு ஃபேன்களை மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கிவிட்டு, சுமை இல்லாமல், பம்ப்பின் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய சீரான ரீங்காரம் பரவாயில்லை. முதல் நாள் கொஞ்சம் களகளவென்று கேட்டாலும் காற்று ரேடியேட்டருக்குப் போய்ச் சேர்ந்ததும் அடங்கிவிடும். வாரக்கணக்கில் அந்தச் சத்தம் தொடர்ந்தால் பம்ப்புக்குள் காற்று சிக்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் முதலில் ரேடியேட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். காற்று எப்போதும் உயரமான இடத்தில்தான் சேரும், எனவே பம்ப் அந்த உயரமான இடமாக இருக்கக் கூடாது. ரேடியேட்டரை மேலே மாட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லை. முன்பக்கம் மாட்டினால் அதன் மேல்முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், முடிந்தால் குழாய்கள் கீழ்ப்பக்கமாக வரட்டும். திரவம் குழாய்ச் சுவர் வழியாக வருடக்கணக்கில் மிக மெதுவாகக் கசிந்து குறையும், பெரும்பாலான மாடல்களில் அதை மறுபடி நிரப்ப வழி கிடையாது, ஆகையால் இன்று சரியாக ஓடுகிற தப்பான பொருத்தம் மூன்றாவது வருடத்தில் சத்தம் போட ஆரம்பிக்கலாம். இடத்தைச் சரிசெய்த பிறகும் களகளப்பு நிற்கவில்லை என்றால் வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள்.