முதல் ஃபுல் கான்டாக்ட் போட்டிக்கு மாணவர்களைத் தயார் செய்வது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் கராத்தே கிளாஸ் நடத்தும் மாஸ்டர்கள் பலரும் பாயின்ட் முறையில், அதாவது அடி லேசாகப் பட்டதும் நிறுத்திப் புள்ளி கொடுக்கும் முறையில், பழகி வந்தவர்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிகளும் அந்த முறையில்தான் நடக்கின்றன. திடீரென்று ஒரு நாள் நாலு பையன்கள் வந்து, "மாஸ்டர், திருச்சியில ஃபுல் கான்டாக்ட் நடக்குதாம், நாங்களும் போறோம்" என்பார்கள். முழு பலத்தோடு அடித்து ஆடும் போட்டி அது. அந்த இடத்தில் நிற்கும் புது மாஸ்டர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கணக்கில் முதல் போட்டியின் வெற்றி மெடலில் இல்லை. போட்டி முடிந்த அடுத்த வாரம் அந்தப் பிள்ளை தானாகக் கிளாஸுக்கு வர வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

படி 1: விதிமுறையை நீங்கள் முதலில் படியுங்கள்

ஃபுல் கான்டாக்ட் என்றால் பெரும்பாலும் கியோகுஷின் என்ற கராத்தே பாணி, அல்லது அதிலிருந்து கிளைத்த அமைப்புகள். கியோகுஷினை உருவாக்கிய மசுதாட்சு ஓயாமா 1964-ல் தன் அமைப்பைத் தொடங்கினார். 1969-ல் முதல் அகில ஜப்பான் போட்டியும், 1975-ல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டியும் நடந்தன. அன்று வைத்த அடிப்படை இன்றும் அதேதான்: கையால் முகத்திலோ கழுத்திலோ அடிக்கக் கூடாது, நெஞ்சு, வயிறு, விலாவில் முழு பலத்தோடு அடிக்கலாம். காலால் தொடையிலும் உடம்பிலும் தலையிலும் உதைக்கலாம். முழங்காலாலும் தாக்கலாம். பிடித்து இழுப்பது, முதுகில் அடிப்பது, முழங்கால் மூட்டில் நேராக உதைப்பது, இடுப்புக்குக் கீழ் நடுவில் அடிப்பது எல்லாம் தப்பு.

அடி வாங்கிக் கீழே விழுந்து மூன்று நொடிக்குள் எழ முடியாவிட்டால் இப்பான், அதாவது முழுப் புள்ளி, ஆட்டம் முடிந்தது. அதற்குள் எழுந்துவிட்டால் வாசாஅரி, அதாவது அரைப் புள்ளி. இரண்டு வாசாஅரி சேர்ந்தால் ஓர் இப்பான். பெரியவர்களுக்கு முதல் சுற்று பொதுவாக மூன்று நிமிடம். நடுவர்களின் கொடி சமம் என்று காட்டினால் உடனே இரண்டு நிமிடம் கூடுதல். சிறுவர்களுக்கு நேரம் குறைவு. சின்னப் பிள்ளைகளுக்குத் தலை உதையையும் முழங்கால் அடியையும் அனுமதிப்பதா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். ஹெல்மெட், நெஞ்சுக் கவசம் விஷயமும் அப்படித்தான். போனில் கேட்டுத் திருப்தியடைய வேண்டாம். விதிமுறையை எழுத்தில் வாங்குங்கள்.

படி 2: யாரை அனுப்பலாம்?

பெல்ட் நிறத்தைப் பார்த்து ஆள் எடுக்காதீர்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அடி விழும்போது பிள்ளை என்ன செய்கிறது? கண்ணை மூடுவது பரவாயில்லை, பழக்கிவிடலாம். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றால் இன்னும் நேரம் வரவில்லை. ஏனென்றால் மேட்டில் (சண்டை நடக்கும் விரிப்பில்) அப்படித் திரும்பும் பிள்ளைக்கு அடுத்த அடி முதுகிலோ சிறுநீரகத்திலோ விழும். அந்தப் பிள்ளையை இந்த முறை பார்வையாளராகக் கூட்டிப் போங்கள்.

வலிப்பு, இதயக் கோளாறு, ஆஸ்துமா, முன்பு தலையில் பட்ட அடி, சமீபத்திய காய்ச்சல் இவற்றையெல்லாம் வீட்டில் கேட்டு, டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் பெயர் கொடுக்க வேண்டும். எடைப் பிரிவில் நுழைப்பதற்காக வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவதும் தண்ணீரைக் குறைப்பதும் கூடவே கூடாது. இருக்கிற எடைக்கு எந்தப் பிரிவோ அதில் நிற்கட்டும்.

அப்புறம் பெற்றோர். "மாஸ்டர், புள்ளைக்கு அடிபடுமா?" என்று அம்மா கேட்பார். "படும்மா" என்று நேராகச் சொல்லுங்கள். தொடை வீங்கும், இரண்டு நாள் நொண்டி நடப்பான், எலும்பு முறிவும் தலையில் அடியும் அரிது என்றாலும் நடக்கக்கூடியவை, ஆபத்து என்று தெரிந்தால் நானே நிறுத்திவிடுவேன். இந்த நாலையும் முன்கூட்டியே கேட்ட தாய் தைரியமாகக் கையெழுத்துப் போடுவார். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லி வாங்கும் கையெழுத்துக்கு அர்த்தம் கிடையாது.

நம் ஊரில் மட்டும் எழும் ஒரு விஷயம். கார்த்திகை, மார்கழியில் போட்டி என்றால் பையன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறானா என்று கேளுங்கள். மேட்டில் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது, அவன் அதைக் கழற்றவும் மாட்டான். தாயத்து, வெள்ளி அரைஞாண், கொலுசு, தோடு, மூக்குத்தி எல்லாவற்றையும் ஒரு வாரம் முன்பே பேசி முடியுங்கள். எடை பார்க்கும் வரிசையில் நின்றுகொண்டு பாட்டிக்குப் போன் போட்டு அனுமதி கேட்பது பிள்ளையின் மனதைக் கலைத்துவிடும்.

படி 3: எட்டு வாரப் பயிற்சி

தை மாத நடுவில் போட்டி என்றால் பயிற்சி தொடங்குவது கார்த்திகையில், நல்ல மழையில். பள்ளி மைதானம் சேறாகிக் கிடக்கும். சம்பா அறுவடைக்கு நாள் இருப்பதால் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் காலியாக இருக்கும், மழை விட்டதும் சீக்கிரம் காயும். ஓட்டம், பேட் (கையில் பிடிக்கும் மெத்தைப் பலகை) அடி எல்லாம் அங்கே வைத்துக்கொள்ளலாம். காலை வாரிவிடும் பயிற்சியை மட்டும் சிமெண்டுத் தரையில் செய்யாதீர்கள், பின்னந்தலை அடிபடும். சண்டைப் பயிற்சிக்கு ஃபோம் மேட் விரித்த ஒரு கூடம் வேண்டும். பள்ளியில் கேட்டால் மாலையில் ஒரு வகுப்பறையாவது கிடைக்கும்.

*முதல் இரண்டு வாரம்: நிற்காமல் அடிப்பது.* பாயின்ட் முறையில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு நல்ல உதை விட்டதும் கையைத் தூக்கி, இரண்டடி பின்வாங்கி, நடுவர் பக்கம் முகத்தைத் திருப்பும். என் கிளாஸில் ஒரு பெண், மிக அழகாக உதைப்பாள். ஒவ்வொரு உதைக்கும் பிறகு அவள் கண் ஓரமாக என்னைத் தேடும். ஃபுல் கான்டாக்டில் அந்த அரை நொடியில் எதிராளியின் கால் தொடையில் இறங்கிவிடும். இதை மாற்ற ஒரே வழி, நீங்கள் கண்ணில் படாத இடத்தில் நிற்பது. பேட் பிடிப்பவர் முன்னால் நிற்க, நீங்கள் மாணவிக்குப் பின்னால் நின்று குரல் மட்டும் கொடுங்கள். இரண்டு குத்து, ஒரு லோ கிக் (தொடையில் விடும் உதை). மறுபடி இரண்டு குத்து, ஒரு லோ கிக். "யாமே" (நிறுத்து) என்று சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. முப்பது நொடியில் தொடங்கி இரண்டு நிமிடம்வரை கொண்டு போங்கள்.

கை முகத்துக்குப் போகும் பழக்கத்தையும் இப்போதே நிறுத்த வேண்டும். தெரியாமல் பட்டாலும் அபராதம்தான். காறை எலும்புதான் எல்லை, அதற்கு மேல் முஷ்டி போகக் கூடாது. ஆனால் முகத்தில் குத்து வராது என்று தெரிந்ததும் பிள்ளைகள் தங்கள் கைகளைத் தொங்கவிடுவார்கள். தலை உதை வருவது அந்த வழியாகத்தான். அடிக்காத கை கன்னத்தருகே இருக்கட்டும்.

*மூன்றிலிருந்து ஐந்தாம் வாரம்: அடி வாங்கப் பழகுவது.* பொறுமை வேண்டியது இங்கேதான். இருவரை எதிரெதிரே நிறுத்துங்கள். ஒருவர் நெஞ்சிலும் வயிற்றிலும் மெதுவாக, தாளமாகக் குத்தட்டும். வாங்குபவர் ஒவ்வொரு குத்துக்கும் வாயால் குட்டையாக மூச்சை விட வேண்டும். மூச்சை அடக்கினால் சின்ன அடிகூடப் பெரிதாகும். வாரா வாரம் பலத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். எவ்வளவு என்பதை வாங்குகிற பிள்ளை சொல்லட்டும், அடிக்கிற பிள்ளை முடிவு செய்யக் கூடாது. நெஞ்சுக்குழியிலும், வலது விலாவுக்குக் கீழே கல்லீரல் இருக்கும் இடத்திலும் பட்டால் உடம்பு தானாக மடங்கும். முதல் போட்டியில் பல பிள்ளைகள் விழுவது அதனால்தான். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைக்கப் பழக்குங்கள்.

லோ கிக் வரும்போது முழங்காலைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பி, கெண்டைக்கு முன்னால் உள்ள எலும்பில் வாங்க வேண்டும். பாதம் தரையில் ஊன்றியிருந்தால் தொடை முழு அடியையும் குடிக்கும். இருவரும் ஷின் கார்டு (முன்னங்கால் கவசம்) கட்டிக்கொண்டு நூறு முறை, இருநூறு முறை என்று பழகினால்தான் கால் தானாக எழும்பும்.

பாட்டில் உருட்டிக் கால் எலும்பைக் கெட்டியாக்குவது, சுவரில் முஷ்டியைக் குத்துவது போன்றவற்றை யாராவது வீடியோவில் பார்த்துவிட்டு வருவார்கள். வளரும் எலும்புக்கு அது கெடுதல். அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். தலை உதையும் பயிற்சியில் எப்போதும் தொடுவதோடு சரி, ஹெல்மெட் போட்டிருந்தாலும் அவ்வளவுதான்.

*ஆறு, ஏழாம் வாரம்: போட்டி போலவே.* முழு யூனிஃபார்ம், முழுக் கவசம், நடுவர், நாலு மூலையில் சிவப்பு வெள்ளைக் கொடி. வணக்கம் சொல்லும் முறையையும் சேர்த்துப் பழக்குங்கள். சுற்று முடிந்ததும் ஓய்வு தராமல் கூடுதல் நேரத்தை அறிவியுங்கள். "இன்னும் ஒன்று" என்று கேட்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். அந்த முகத்தோடு ஆட அவர்கள் இங்கேயே பழகிவிட வேண்டும். கடுமையான சண்டை வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். முடிந்தால் பக்கத்து ஊர் கிளாஸ் பிள்ளைகளை அழையுங்கள். தினமும் பார்க்கும் முகத்தைவிடத் தெரியாத முகம் கூடுதலாகப் பயமுறுத்தும், அந்தப் பயமும் பழக வேண்டும்.

*எட்டாம் வாரம்:* லேசான ஓட்டம், பேட், தூக்கம். யாரும் யாரையும் அடிக்க வேண்டாம்.

படி 4: பை

குரோயின் கார்டு (அந்தரங்கப் பகுதிக்கான கவசம்), ஷின் கார்டு, மவுத் கார்டு, விதிப்படி ஹெல்மெட், கிளவுஸ், நெஞ்சுக் கவசம். இரண்டு யூனிஃபார்ம், ஏனென்றால் ரத்தம் பட்டால் மாற்றச் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், பெற்றோர் கடிதம், டாக்டர் சான்றிதழ். டேப், துண்டு, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ், நகவெட்டி. மவுத் கார்டை வெந்நீரில் போட்டுக் கடித்துப் பல்லுக்குப் பொருத்துவதை ஒரு மாதம் முன்பே முடித்து, அதோடு மூச்சுவிடப் பழகியிருக்க வேண்டும்.

படி 5: போட்டி நாள்

முதல் பஸ்ஸில் கிளம்பினால் காலைச் சாப்பாட்டை எடை பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட மோர் போதும். வயிறு நிறையப் பூரி வேண்டாம். சண்டைக்கு இரண்டு மணி நேரம் முன்பு சாப்பாடு முடிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலும் கல்யாண மண்டபத்திலோ உள்விளையாட்டரங்கிலோ நடக்கும். பத்து மணி என்று சொன்ன சண்டை மதியம் இரண்டுக்கு வரும். காலையிலேயே சூடேற்றிவிட்டு நாலு மணி நேரம் உட்கார வைத்தால் உடம்பு ஆறிப்போகும். பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். தன் முறைக்கு நாலைந்து சண்டை இருக்கும்போது எழுப்பி, வியர்க்கும்வரை பேட் அடிக்க வையுங்கள். அதுவரை மற்ற சண்டைகளைப் பார்க்கவிட வேண்டாம். யாராவது அடிபட்டு விழுவதைப் பார்த்தால் பிள்ளையின் மனம் அதிலேயே நிற்கும்.

பெண் பிள்ளைகளோடு ஒரு பெண் பயிற்சியாளரோ ஒரு தாயோ கட்டாயம் வர வேண்டும். உடை மாற்றும் இடத்தை வந்ததும் முதலில் பார்த்து வையுங்கள்.

படி 6: மூலையில் உட்கார்ந்து பேசுவது

மேட்டில் நிற்கும் பிள்ளைக்கு உங்கள் நீண்ட வாக்கியம் எதுவும் காதில் ஏறாது. கூட்டத்தில் பத்துப் பேர் கத்துவார்கள். ஆகவே மூன்றே சொற்களைப் பயிற்சியிலேயே முடிவு செய்யுங்கள். நாங்கள் வைத்திருப்பது "மூச்சு", "கை", "ஒட்டு". மூச்சை விடு, கையைத் தூக்கு, நெருங்கிப் போய் அடி. முதலில் பெயர், பிறகு சொல். அவ்வளவுதான்.

முதல் இருபது நொடி பிள்ளையின் வாயைப் பாருங்கள். கன்னம் உப்பி, தோள் காதுவரை ஏறியிருந்தால் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான். அப்போது "மூச்சு" தவிர வேறெதுவும் சொல்லாதீர்கள். மூச்சு வந்துவிட்டால் கற்றதெல்லாம் தானாக வரும். கடைசி முப்பது நொடி வந்ததும் "முப்பது" என்று ஒரு குரல் கொடுங்கள். சமமாகப் போகும் சண்டையில் முன்னேறிக்கொண்டே இருப்பவர் பக்கம்தான் கொடி சாயும்.

எப்போது நிறுத்துவது? துண்டு வீசி நிறுத்த அனுமதி உண்டா என்று காலைக் கூட்டத்திலேயே கேட்டு வையுங்கள். கால் தூக்க முடியாமல் ஒரே தொடையில் அடிமேல் அடி வாங்கினாலோ, முதுகைத் திருப்ப ஆரம்பித்தாலோ, கூப்பிட்டும் கண் உங்கள் பக்கம் வராவிட்டாலோ நிறுத்துங்கள். தலையில் உதை பட்டு விழுந்தாலோ தடுமாறினாலோ, நடுவர் தொடரலாம் என்றாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு இனிச் சண்டை இல்லை. இதில் யார் சொன்னாலும் இறங்கி வராதீர்கள்.

படி 7: முடிந்த பிறகு

தலையில் அடிபட்ட பிள்ளையிடம் எந்த ஊரில் இருக்கிறோம், யாரோடு சண்டை போட்டாய் என்று கேளுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறல், மயக்கம், எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பஸ் ஏறி ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அறிகுறி பெரிதாக இல்லாவிட்டாலும் டாக்டர் பார்க்க வேண்டும். அவர் சரி சொல்லும்வரை சண்டைப் பயிற்சி கிடையாது. முதுகில் அடி வாங்கியவருக்குச் சிறுநீர் சிவப்பாக வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

தொடை வீக்கத்துக்குத் துணி சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்குக் கால் மணி நேரம். வீட்டுக்குப் போனதும் நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிடுவார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி உருவினால் உள்ளே ரத்தக் கசிவு கூடும். பிள்ளையை வீட்டில் விடும்போதே அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

தோற்ற பிள்ளையிடம் அன்றைக்குத் தவறுகளை அலசாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், சாப்பிட வையுங்கள். பஸ்ஸில் மற்றவர்கள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் கழித்து வீடியோவை இருவருமாகப் பாருங்கள். முதலில் பிள்ளை பேசட்டும். "இந்த இடத்துல கைய விட்டுட்டேன் மாஸ்டர்" என்று தானே சொல்லும். அதற்குப் பிறகு நீங்கள் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள், அடுத்த மாதம் முழுக்க அதை மட்டும் பழக்குங்கள். தொடையில் அடிபட்டிருந்தால், குதிகால் பிட்டத்தைத் தொடும் அளவுக்கு முழங்கால் வலியில்லாமல் மடங்கும்வரை உதைப் பயிற்சி வேண்டாம். அதுவரை கட்டா (தனியாகச் செய்யும் அசைவு வரிசை), மூச்சுப் பயிற்சி, சின்னப் பிள்ளைகளுக்குப் பேட் பிடிப்பது.