குரூப் 4 தமிழ்ல "பிழையற்ற தொடர் எது" கேள்விக்கு நான் விடை கண்டுபிடிக்கிற முறை

நாலு தொடர் குடுத்து பிழையில்லாதது எதுன்னு கேப்பாங்கல்ல, அதுல முதல் தடவை எழுதினப்போ நான் நிறைய மார்க் விட்டேன். நம்ம தமிழ்தானே, ஒரு தடவை வாசிச்சா காதுக்கே தப்பு தெரிஞ்சிடும்னு நம்பிப் போயிட்டேன். தமிழ்ப் பகுதி 100 கேள்வி, 150 மார்க், அதுல 60 எடுக்கலன்னா மீதி 100 கேள்விய திருத்தவே மாட்டாங்க, அதனால இந்தக் கேள்விகள லேசா எடுத்துக்காதீங்க.

1. கடைசில இருந்து ஆரம்பிங்க

தொடர முதல்ல இருந்து வாசிக்காதீங்க. நேரா கடைசில இருக்கிற வினைமுற்றுக்குப் போயி யாரு, எது, எவை-ன்னு கேளுங்க. கிடைக்கிற பதில்தான் எழுவாய்.

நான் மாட்டிக்கிட்டது இந்த மாதிரி ஒண்ணுலதான்: "தோட்டத்தில் மலர்ந்த பூக்களின் மணம் எங்கும் வீசின." வாசிச்சா நல்லாத்தான் இருக்கு, பூக்கள்னு பன்மை வந்துட்டதால "வீசின" பொருந்துற மாதிரியே தெரியும். ஆனா வீசியது எது? மணம். அது ஒருமை. அப்போ "வீசியது"தான் சரி. இதுக்கு நேர் எதிரா "கூடையில் இருந்த பழங்கள் அழுகிவிட்டது"ன்னும் வரும், அழுகியவை பழங்கள், அதனால "அழுகிவிட்டன".

காது ஏன் ஏமாத்துதுன்னு அப்புறம் யோசிச்சப்பதான் புரிஞ்சுது. பேசும்போது நாம மாடு வந்துச்சு, மாடுங்க வந்துச்சு, ரெண்டுக்கும் ஒரே வினைதான் சொல்றோம். "வந்தன"ங்கிறது பேச்சுல கிடையவே கிடையாது. பேச்சுல இல்லாத ஒண்ண காது எப்படிப் பிடிக்கும்? அதனால அஃறிணை எழுவாய் வந்தா காத நம்பாதீங்க, கேள்வி கேட்டே முடிவு பண்ணுங்க.

2. மாட்டிவிடுற சொல்லுங்க

"ஒவ்வொரு" வந்தா முடிவு ஒருமை: ஒவ்வொரு மாணவரும் பரிசு பெற்றார், பெற்றனர் கிடையாது. "அல்ல" பன்மைக்கு, "அன்று" ஒருமைக்கு: இது பழம் அன்று, இவை பழங்கள் அல்ல. உயிரெழுத்துக்கு முன்னாடி "ஓர்", மத்த இடத்துல "ஒரு": ஓர் ஊர், ஒரு நகரம்.

3. மரபு

இது மனப்பாடம்தான், வேற வழியில்ல. மயில் அகவும், குயில் கூவும், ஆந்தை அலறும், கூடை முடைவாங்க, பானை வனைவாங்க. தினம் பத்து எழுதிப் பாத்தா போதும்.

4. ஒரே ஒரு ஒற்று

நாலு விடையும் ஒரே மாதிரி இருந்து ஒரு புள்ளி எழுத்து மட்டும் மாறுச்சுன்னா பொருளப் பாருங்க. "வேலை கொடு"ன்னா ஏதாவது பணி குடு, "வேலைக் கொடு"ன்னா கையில இருக்கிற வேல்ங்கிற ஆயுதத்தக் குடு. "தந்த பலகை" யாரோ குடுத்த பலகை, "தந்தப் பலகை" யானைத் தந்தத்துல செஞ்சது. எனக்கு தமிழ்ல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான், ஒரு எழுத்து உள்ள வந்ததும் பொருளே மாறிடுது. சொல்லு நிக்கிற இடமும் இப்படித்தான்: "நேற்று வந்த கடிதத்தைப் படித்தேன்"னா நேத்து வந்தது கடிதம், "வந்த கடிதத்தை நேற்றுப் படித்தேன்"னா நேத்து நடந்தது படிப்பு.

எத வச்சுப் படிக்கலாம்

ஸ்கூல் தமிழ் புக், 6ல இருந்து 10 வரைக்கும். கைடு வாங்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன், நான் வாங்கினதுல விடையே தப்பா இருந்துச்சு, அத மனப்பாடம் பண்ணி மறக்க ரொம்ப நாள் ஆச்சு. டி.என்.பி.எஸ்.சி. வெப்சைட்லயே பழைய கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் இருக்கு, அத பிரிண்ட் எடுங்க. வீட்ல போடும்போது பென்சிலால எழுவாய்க்கு அடிக்கோடு போட்டுப் பழகுங்க, ஆனா ஹால்ல கேள்வித்தாள்ல விடைய டிக் பண்ணக்கூடாது, அதனால கடைசி மாசம் கோடு போடாம கண்ணாலயே பிடிக்கப் பழகிடுங்க.

அப்டேட்: படிச்சவங்க சிலர் "மாடு மேய்ந்தன" தப்பான்னு கேட்டிருந்தீங்க, நான் முதல்ல எழுதினப்போ இத விட்டுட்டேன். தப்பு இல்ல. மாடு, மரம் மாதிரி "கள்" சேராத அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவா வரும், பால்பகா அஃறிணைப் பெயர்னு சொல்லுவாங்க. மாடு மேய்ந்தது, மாடு மேய்ந்தன, ரெண்டும் சரி. "மாடுகள் மேய்ந்தது"தான் தப்பு. அதனால "கள்" இல்லாத எழுவாயப் பாத்ததும் அந்த விடைய அடிச்சிடாதீங்க, முன்னாடி "பத்து", "பல" மாதிரி எண்ணிக்கை ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க: பத்து மாடு மேய்ந்தன.