தடுப்புச் சுவருக்கு மண் எடுக்கும்போது: வேரிலும் பாறையிலும் நடக்கும் தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டோடு கொஞ்சம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தடுப்புச் சுவர் இல்லாமல் ஆகாது. சரிவை வெட்டி ஒரு தட்டு சமப்படுத்தினால்தான் நாலு பாத்தி கேரட்டாவது போட முடியும். கல் எத்தனை லோடு, சிமென்ட் எத்தனை மூட்டை, கூலி எவ்வளவு என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். சுவர் உட்காரப் போகிற மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை.

எங்கள் கீழ்த்தட்டுச் சுவர் வயிறு தள்ளி வெடித்தபோது கல்லைப் பிரித்துப் பார்த்தோம். அஸ்திவாரத்துக்கு அடியில் முழங்கை வரை கை போகிற பொந்து. உள்ளே நனைந்த காபித்தூள் மாதிரி கறுப்பாக மக்கிய மரம். அதிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் ஒரு துளை, குழாய் பதித்ததுபோல் மேல்சரிவை நோக்கிப் போனது. சுவர் கட்டிய காலத்தில் அங்கே ஒரு சில்வர் ஓக் அடிக்கட்டை இருந்தது. "கல்லு மாதிரி இருக்கு, எடுக்க வேண்டாம்" என்று கொத்தனார் அதன் மேலேயே கல்லை அடுக்கிவிட்டார். அன்றைக்கு அது உண்மையிலேயே கல் மாதிரிதான் இருந்தது. சில வருஷங்களில் மக்கி, மண் உள்வாங்கியது. வேர் போன தடத்தில் மழைத் தண்ணீர் நேராகச் சுவரின் அடிக்கு வந்து சேர்ந்தது.

ஆகவே சுவரின் அடிப்பகுதிக்குள் வருகிற அடிக்கட்டை முழுசாக வெளியே வந்தாக வேண்டும். கட்டைவிரல் பருமனுக்கு மேலான வேர்களையும் அஸ்திவாரக் குழியின் இரண்டு ஓரங்கள் வரை தேடி எடுத்துவிட வேண்டும். அப்புறம் அந்தக் குழியை நிரப்புவதில் இன்னொரு தவறு நடக்கிறது. எடுத்த மண்ணையே ஒரேயடியாகத் தள்ளி மூடிவிடுகிறார்கள். மேல்மண் முழுக்கச் சல்லிவேரும் சருகும்தான். அதைப் பாத்திக்கு ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து வந்த சுத்தமான செம்மண்ணோடு உடைகல் கலந்து, அரை அடிக்கு ஒரு முறை லேசாக ஈரப்படுத்தித் திமிசு போட்டு இறுக்குங்கள்.

அடிக்கட்டையைத் தீ வைத்து ஒழிப்பது வேலையைச் சுலபமாக்குகிற மாதிரி தெரியும். நெருப்பு வேருக்குள் இறங்கி நாள்கணக்கில் கனன்று, நம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் பொந்துகளை விட்டுச் செல்லும். சீகை (வாட்டில்) மரம் இருந்த இடமானால் இன்னும் மோசம்: மண்ணில் உறங்கும் அதன் விதைகள் சூடு பட்டால் கூட்டமாக முளைக்கும். கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) தரையோடு வெட்டிவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் அதிக பயம். அடிக்கட்டையை எடுக்கிற வேகத்தில், சுவருக்கு மேலே சரிவில் நிற்கும் மரங்களையும் "எதற்கு வம்பு" என்று வெட்டிவிடுகிறார்கள். அந்த மரத்தின் வேர்கள்தான் சரிவைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. வெட்டியவுடன் எதுவும் நடக்காது. வேர் மக்கி பிடி விடுகிற வருஷத்தில், வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்தால் சரிவு மொத்தமாக இறங்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை பேர் போனார்கள் என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. சுவர் போகிற கோட்டில் உயிருள்ள மரத்தின் பெரிய வேர் குறுக்கிட்டால், முடிந்தவரை கோட்டை இரண்டடி நகர்த்துங்கள். தண்டுக்குப் பக்கத்தில் தடித்த வேரை அறுத்தால் மரம் சுவர் மேலேயே சாயலாம். மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதனால் வனத்துறையிடம் கேட்காமல் கோடாரியைத் தூக்காதீர்கள். பொக்லைன் கொண்டுவரவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

சரி, பாறைக்கு வருவோம். நம் செம்மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் யானை முதுகு மாதிரி புதைந்து கிடக்கும். மேலே தெரிகிற முதுகைப் பார்த்து, அடியில் அசையாமல் தொடர்ந்து கிடக்கிற தாய்ப்பாறை என்று நம்பி அஸ்திவாரத்தை அதன்மேல் ஏற்றிவிடுவார்கள். கடப்பாரையால் ஓங்கிக் குத்திப் பாருங்கள். தாய்ப்பாறையானால் கணீரென்று கேட்கும், கை அதிரும். மண்ணில் மிதக்கிற கல்லானால் சத்தம் மந்தமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தைச் சுற்றித் தோண்டி, கல் உள்பக்கமாக வளைந்து போகிறதா என்று பார்த்துவிடலாம். மிதக்கிற கல்லை எடுக்க வேண்டும், அல்லது உளியும் ஆப்பும் வைத்துப் பிளக்க வேண்டும். தாய்ப்பாறையே வந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சுவரின் பாதி பாறை மேலும் பாதி மண் மேலும் உட்கார்ந்தால், மண் பக்கம் மட்டும் இறங்கி நடுவில் விரிசல் விடும். அந்த இடத்தில் சுவரை ஒரு சிறு இடைவெளி விட்டுத் தனித்தனியாகக் கட்டுவது நல்லது. பாறையின் சாய்வான முகத்தையும் படி மாதிரி கொத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவர் வழுக்கும்.

மேலே இருக்கிற பெரிய கல்லை விட்டுவிட்டு அதன் கீழே ஆளை இறக்கித் தோண்டவே கூடாது. 2024 பிப்ரவரியில் ஊட்டி அருகே லவ்டேலில், கட்டுமான வேலை நடந்த இடத்துக்கு மேலே நின்ற பழைய கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். மேலிருந்து கீழாக வேலை செய்யுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மண் காய்ந்திருக்கும்போது, ஐந்தாறு அடி நீளம் வெட்டி, அங்கே சுவரை எழுப்பிவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள். முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்டிப்போட்டால், இரவு ஒரு மழை போதும். நாலடிக்கு மேல் உயரம் என்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எடுத்த கல்லை வீணாக்க வேண்டாம். உருண்டையானவை முகப்புக்கு உதவாது, கலவையைப் பிடிக்காது. சம்மட்டியால் உடைத்து, ஒட்டிய மண்ணைக் கழுவி, சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு அடுக்குங்கள். தண்ணீர் அதற்குள் இறங்கி, சுவரில் விட்ட துளைகள் வழியாக வெளியே வந்துவிடும். கழுவாமல் போட்டால் ஒரே மழைக்காலத்தில் சேறு அடைத்துக்கொள்ளும்.