வாய் மூடிக் கிடக்கும் வருடங்கள்: வயதாகும் வெள்ளை ஒயினைச் சுவைக்க

ஆப்ப மாவுக்குக் கள் வாங்கி வரச் சொல்வார் எங்கள் பாட்டி. தோட்டத்துக் கள்ளுக்கடையிலிருந்து வந்ததை மூக்கருகே கொண்டுபோய், "இது காலையில இறக்கினது" என்பார். அல்லது, "இது நேத்து மிச்சம், மாவு புளிச்சிடும்" என்பார். அவர் அதைக் குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு பானம் நேரத்தோடு மாறும், அந்த மாற்றத்தை மூக்காலேயே பின்தொடரலாம் என்பதை அவரிடம்தான் கற்றேன். அப்புறம் கோலாலம்பூரில் ஓட்டல் உணவகம் ஒன்றில் 21 வருடம் ஒயின் பரிமாறினேன். அங்கே கற்றதெல்லாம் பாட்டி போட்ட அஸ்திவாரத்தின் மேல் எழுந்ததுதான்.

கள் மாற ஒரு பகல் போதும். நான் சொல்லப்போகும் வெள்ளை ஒயினுக்குப் பத்து, பதினைந்து வருடம் வேண்டும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள 2015இல் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பினேன். அப்பா பால் வெட்டிய ரப்பர் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் பலர் டவுனுக்கு வந்துவிட்டோம். என் வீட்டுச் சமையலறை மூலையில் பதினெட்டு போத்தல் பிடிக்கும் சின்ன ஒயின் குளிர்பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் இருந்த ஆறு போத்தலின் கதையை வைத்தே இந்த வழிமுறையைச் சொல்கிறேன்.

அவை பிரான்சின் ரோன் ஆற்றங்கரையில் உள்ள எர்மித்தாஜ் குன்றின் வெள்ளை ஒயின், 2010ஆம் வருட அறுவடை. அந்தக் குன்றின் திராட்சைத் தோட்டம் மொத்தமே சுமார் 140 ஹெக்டேர்தான். இங்கே பெரிய தோட்டங்களில் ஒரு டிவிஷனே அதைவிடப் பெரிதாக இருக்கும். அதிலும் பெரும்பகுதி சிரா என்ற கறுப்புத் திராட்சைக்குப் போய்விடுகிறது. மீதியில் வெள்ளைத் திராட்சை இரண்டு: மார்சான், ரூசான்.

இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மார்சான் உடம்பைத் தரும்: கனம், வழுவழுப்பு, கடைசியில் பாதாம் தோலைக் கடித்த மாதிரி லேசான கசப்பு. ரூசான் வாசனையையும் கொஞ்சம் புளிப்பையும் தரும். பழுக்கும்போது அதன் தோல் செம்பழுப்பாகும், பெயரே அதிலிருந்து வந்ததுதான். வளர்ப்பதற்குச் சிரமமான கொடி, நோய் சீக்கிரம் பிடிக்கும். சாம்பாரில் பருப்பும் பெருங்காயமும் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பு இல்லாமல் சாம்பாரே இல்லை, ஆனால் தெருவில் போகிறவரை நிறுத்துவது பெருங்காயம்தான்.

பொதுவாக வெள்ளை ஒயின் நீடித்து நிற்கப் புளிப்பு வேண்டும் என்பார்கள். இதில் புளிப்பு குறைவு. இருந்தும் நல்ல வருடத்து எர்மித்தாஜ் வெள்ளை இருபது வருடத்தையும் தாண்டும். அதன் செறிவும் அந்த லேசான கசப்புமே அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஆகவே இளசாக இருக்கும்போது கசப்பு தட்டினால் குறை என்று ஒதுக்காதீர்கள்.

வாங்கும்போது ஒரே ஒயினில், ஒரே வருடத்தில், குறைந்தது நான்கு போத்தல் வாங்குங்கள். வேறுவேறு போத்தலாக நான்கு வாங்கினால் நான்கு ஒயின் தெரியும், வயது தெரியாது. விலை கடுமைதான். நான் பழைய வேலைத் தோழர்கள் இருவரோடு பங்கு போட்டு 2013இல் ஆறு வாங்கினேன். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் டாபில்க் என்ற பழைய தோட்டம் இருக்கிறது. 1860இல் தொடங்கியது. 1927இல் நட்ட மார்சான் கொடிகள் அங்கே இன்னும் காய்க்கின்றன. அவர்களுடைய சாதாரண மார்சான் விலை எட்டக்கூடியது, திருகு மூடி போட்டு வருகிறது, அதுவும் வருடங்கள் போகப் போகத் தேனாக மாறும். அதில் ரூசான் கலப்பு இல்லை, ஆனால் பழகுவதற்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

வைத்துப் பாதுகாப்பதுதான் நம் ஊரில் பெரிய பாடு. மதியம் வீட்டுக்குள் 32 பாகை. 13 பாகையில் இருக்க வேண்டிய பொருள் அந்தச் சூட்டில் சில மாதத்திலேயே வெந்துபோகும். ஒரு முறை ஈப்போவில் ஒரு கடையில் வாங்கிய போத்தலின் கார்க் விளிம்புக்கு மேல் நூலளவு எழும்பியிருந்தது, தகட்டு மூடிக்குக் கீழே பிசுபிசுப்பு. கண்ணாடிச் சன்னல் பக்கம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். திறந்தால் வேகவைத்த ஆப்பிள் வாடை, வேறு ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் போத்தலின் கழுத்தைத் தடவிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. நீங்களும் தடவிப் பாருங்கள். ஒயின் குளிர்பெட்டி இல்லாதவர்கள் சாதாரண ஐஸ்பெட்டியின் காய்கறித் தட்டில் படுக்க வைக்கலாம். சில மாதத்துக்குப் பரவாயில்லை, பத்து வருடத்துக்கு ஆகாது. கார்க்கின் அடியில் கல்கண்டுத் தூள் மாதிரிப் படிகம் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது திராட்சையின் உப்பு.

சரி, திறக்கும் நாளுக்கு வருவோம்.

சூடுதான் முதல் விஷயம். நம் ஆட்கள் வெள்ளை ஒயின் என்றாலே பீர் மாதிரி சில்லென்று வேண்டும் என்கிறார்கள். ஐஸ்பெட்டியின் 4 பாகையில் இந்த ஒயினுக்கு வாசனையே கிடையாது, கசப்பு மட்டும் துருத்தும். 18ஐத் தாண்டினால் மதுவின் காரம் மூக்கில் ஏறும், ஏனென்றால் இதில் மது 14 விழுக்காடு, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். 12 முதல் 14 பாகைதான் இதற்கு வீடு. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் வெளியே விடுங்கள். அப்புறம் ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி, நாலைந்து ஐஸ் கட்டி மட்டும் போட்டு, அதில் போத்தலை நிறுத்துங்கள். கிளாஸில் கொஞ்சமாக ஊற்றுங்கள், ஏனென்றால் நம் காற்றில் ஐந்து நிமிடத்தில் அது சூடேறிவிடும். கிளாஸ் செம்பு மாதிரி வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது.

சமையல் முடிந்து அரை மணியாவது ஆன பிறகு உட்காருங்கள். தாளித்த கடுகு வாடை வீட்டில் சுற்றும்போது மூக்கு வேலை செய்யாது. ஊதுபத்தியும் அன்றைக்கு வேண்டாம்.

வெள்ளைத் தாளுக்கு முன் கிளாஸைச் சாய்த்து நிறம் பாருங்கள். அப்புறம் ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள். இந்த முதல் முகர்வை யாரும் மதிப்பதில்லை, ஆனால் மெல்லிய பூ வாசனை அதில்தான் கிடைக்கும், ஆட்டிய பிறகு கலைந்துவிடும். பிறகு கிளாஸின் அடியை மேசையில் வைத்தே இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி முகருங்கள். வாயில் ஒரு மிடறு எடுத்து நாக்கின் இரு ஓரமும் நனையும்படி வைத்திருந்து விழுங்குங்கள். விழுங்கிய பிறகு வாயில் எது தங்குகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனியுங்கள். வயதைச் சொல்வது அதுதான்.

அதை உடனே ஒரு நோட்டில் எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள். ஓட்டலில் எங்களுக்குக் கொடுத்த பட்டியலில் அகேசியாப் பூ, குவின்ஸ் பழம் என்றெல்லாம் இருக்கும். நான் குவின்ஸ் பழத்தைக் கையில் தொட்டதில்லை. தெரியாத பழத்தின் பெயரை எழுதினால் மூன்று வருடம் கழித்து அந்த எழுத்து உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. பலா மாதிரியான செம்பதாக் சுளை, வறுத்த முந்திரி, தேன்கூட்டு மெழுகு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் என்று உங்கள் மூக்கு அறிந்ததை எழுதுங்கள். மதிப்பெண் போட வேண்டாம்.

என் நோட்டில் இருப்பது இது. முதல் போத்தல், 2013: வைக்கோல் நிறம், பேரிக்காய், பச்சைப் பாதாம், எலுமிச்சைத் தோல். வாயில் முதல் தேங்காய்ப்பால் மாதிரிக் கனம். மூவரும் மகிழ்ந்துபோனோம். இரண்டாவது, 2016: வாசனையே இல்லை. மழையில் நனைந்த கருங்கல், கொஞ்சம் மெழுகு, கடைசியில் கசப்பு. தோழர் ஒருவர் கெட்டுப்போய்விட்டது, மிச்சத்தை விற்றுவிடலாம் என்றார். மூன்றாவது, 2017: அதே கதை.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் இந்த ஒயினைக் கைவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே மனக்கஷ்டம். எர்மித்தாஜ் வெள்ளை நாலைந்து வயதில் வாய் மூடிக்கொள்ளும். அப்புறம் பத்து வயது வாக்கில்தான் மறுபடி பேசும். இளமைப் பழ வாசனை போய்விட்டது, முதுமை வாசனை இன்னும் வரவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம். அந்தக் காலத்தில் தீர்ப்பு எழுதக் கூடாது.

தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 2017இல் பாதிப் போத்தலை அன்றே முடித்தோம். மீதியை மூடி ஐஸ்பெட்டியில் வைத்து மறுநாள் மாலை அதே சூட்டுக்குக் கொண்டுவந்து சுவைத்தேன். ஒரு நூல் அளவுக்குத் தேன் வாசனை எழுந்திருந்தது. தூங்கும் ஒயின் மறுநாள் கொஞ்சமாவது கண் விழிக்கும். செத்த ஒயின் மறுநாள் இன்னும் மோசமாகும். கார்க் கெட்டதென்றால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும், எவ்வளவு நேரம் காற்றில் விட்டாலும் அது போகாது. காற்றுப்பட்டுக் கெட்டதென்றால் நறுக்கி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாடை, நிறத்தில் பொன் போய்த் தேநீர்ப் பழுப்பு.

இன்னொரு அடையாளம் நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. வெந்தயத்துக்கு அந்த வாசனையைக் கொடுக்கும் சோட்டலான் என்ற பொருள், காற்றுப்பட்டு மூப்படையும் வெள்ளை ஒயினிலும் உருவாகிறது. வறுத்த வெந்தயம் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தால் அழகு. தேனையும் பழத்தையும் மூடிக்கொண்டு வெந்தயம் மட்டும் நின்றால் அந்தப் போத்தலின் காலம் முடிந்தது. வெந்தயக் குழம்பு வைக்கும் வீட்டு மூக்குக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டாம்.

தூங்கும் வயதில் திறந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீரில் கூஜாவை நிறுத்தி, இரண்டு மணி நேரம் காத்திருங்கள். பதினைந்து வயதைத் தாண்டியதைக் கூஜாவில் ஊற்ற எனக்கு மனம் வராது. போத்தலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஒரு மாலை முழுக்க அதனோடு இருங்கள்.

சாப்பாட்டில் புளியும் எலுமிச்சையும் மிளகாயும் இதற்குப் பகை. புளிக்குழம்புக்குப் பக்கத்தில் இது தட்டையாகிவிடும், காரம் மதுவின் எரிச்சலைக் கூட்டும். தேங்காய்ப்பால்தான் இதன் உறவு. காரம் குறைத்து மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்த நண்டு, சொதி, முந்திரி அரைத்த கோழிக் குருமா எல்லாம் பொருந்தும். கோழிப் பெரட்டல் வேண்டுமானால் மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டதற்கு உப்பில்லாத வறுத்த முந்திரி ஒரு பிடி போதும்.

குடி எத்தனை வீடுகளைச் சாய்த்தது என்று லயத்தில் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் என் மேசையில் ஒரு போத்தலுக்கு நான்கு பேர், 21 வயது ஆகாதவருக்கு இடமில்லை, வண்டி ஓட்டுபவருக்கும் இல்லை. இதை நான் தளர்த்தியதே இல்லை.

நான்காவது போத்தலை 2020இல் திறந்தோம். பத்து வயது. கார்க்கை எடுத்ததுமே என் மனைவி சமையலறையிலிருந்து, "என்ன முந்திரி வறுக்கிறீங்களா?" என்றார். நிறம் பொன்னாகியிருந்தது. தேன், வறுத்த முந்திரி, பின்னால் கொஞ்சம் காளான். 2016இல் துருத்திய கசப்பு இப்போது தேனுக்குக் கரை கட்டியிருந்தது. விற்றுவிடலாம் என்ற தோழர் கிளாஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. 2022இல் ஐந்தாவதில் காய்ந்த ஆப்ரிக்காட், ஆரஞ்சுத் தோல், மெழுகு. மார்சான் எது, ரூசான் எது என்று பிரிக்க முடியாத நிலைக்கு வந்திருந்தது. ஆறாவதை 2024இல் திறந்தோம், பதினான்கு வயது. அதைப் பற்றி நோட்டில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. வெந்தயம் வந்துவிட்டது, ஆனால் தேனுக்குப் பின்னால் அடக்கமாக நின்றது.

கடைசியாக ஒன்று. அன்றிரவு கிளாஸைக் கழுவாதீர்கள். அடியில் ஒரு துளி மிச்சத்தோடு அப்படியே மேசையில் விட்டுவிடுங்கள். விடிந்ததும், காப்பி போடுவதற்கு முன், அந்தக் காலிக் கிளாஸை எடுத்து முகருங்கள். மது ஆவியாகிப் போயிருக்கும், மீந்தது மட்டும் இருக்கும். எங்கள் வீட்டில் அன்று காலை தேன்கூட்டை உடைத்த மாதிரி இருந்தது. ஒயினைத் தொடாத என் அம்மாவிடம் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு, "மலைத்தேன்" என்றார். நோட்டின் கடைசி வரியாக அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.