கடலை மிட்டாய்க் கடைக்கு வெப்சைட்: முதல் படியிலிருந்து

"இன்ஸ்டாகிராம் இருக்கு, வாட்ஸப் இருக்கு, அப்புறம் வெப்சைட் எதுக்கு?" சிறு தொழில் செய்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பி ஆள் சேர்த்திருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. மேப்பில் இருக்கும் கடைகளுக்குக் கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த குட்டி வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் கூகுளே மூடிவிட்டது. அடுத்தவர் இடத்தில் கடை விரிப்பது தப்பில்லை. ஆனால் யாரும் பிடுங்க முடியாத சொந்த முகவரி ஒன்றும் இருக்க வேண்டும்.

பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. அதனால் கோவில்பட்டியில் கடலை மிட்டாய் போடும் ஒரு சின்னக் குடும்பத் தொழிலை எடுத்துக்கொள்வோம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. தேடும்போது கண்ணில் படுவது செய்கிறவரா, இடையில் வாங்கி விற்கும் யாரோ ஒருவரா என்பதுதான் விஷயம்.

படி 1: போனில் கேட்பதை எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். ஒரு வாரம் கல்லாப்பெட்டி பக்கத்தில் நோட்டு வைத்து, போனில் கேட்கிற கேள்விகளை அப்படியே எழுதுங்கள். "கிலோ என்ன விலை?" "எத்தனை நாள் கெடாம இருக்கும்?" "சென்னைக்கு கொரியர் உண்டா, எவ்வளவு ஆகும்?" "மழைக்காலத்துல பிசுபிசுக்குமா?" "கல்யாணத்துக்கு மொத்தமா வேணும், எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?" "ஞாயித்துக்கிழமை கடை உண்டா?"

உங்கள் வெப்சைட்டின் உள்ளடக்கம் இந்த நோட்டுதான். அதிகம் கேட்ட கேள்விக்குப் பதில் முதல் திரையிலேயே, விரலால் தள்ளாமல் தெரிய வேண்டும். "எங்கள் நிறுவனம் தரத்திற்கும் நம்பிக்கைக்கும் பெயர் பெற்றது" என்று தொடங்கும் பத்தியை யாரும் படிப்பதில்லை. வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில் விலையைப் போடுங்கள்.

படி 2: பெயர் வாங்குவது

பெயர் என்றால் வெப்சைட்டின் முகவரி, டொமைன் என்பார்கள். டாட் இன், டாட் காம் இரண்டில் கிடைப்பதை வாங்கலாம். முதல் வருடம் மலிவாகக் காட்டி, புதுப்பிக்கும்போது கூட்டுவார்கள். அந்த விலையையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பெயர் சின்னதாக, போனில் ஒரு தடவை சொன்னால் எழுதக்கூடியதாக இருக்கட்டும். மிக முக்கியமாக, கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். செய்து கொடுக்கும் தம்பி நல்லவராகவே இருக்கலாம். நாளைக்கு அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால் பாஸ்வேர்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

படி 3: எதில் கட்டுவது

ஆரம்பத்துக்கு வெப்சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் போதும். மென்பொருள் இலவசம், வெப்சைட்டை இணையத்தில் வைத்திருக்கும் இடத்துக்கு, அதாவது ஹோஸ்டிங்குக்கு, மட்டும் வருடா வருடம் காசு. ஹோஸ்டிங் எடுக்கும்போதே இலவச எஸ்எஸ்எல் (தகவலைப் பூட்டி அனுப்பும் பாதுகாப்புச் சான்றிதழ்) தருகிறார்களா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் பிரவுசர் "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கும். கார்ட், ஸ்டாக் கணக்கெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முகப்பு, விலை, கொரியர் விவரம், தொடர்பு என்று நாலு பக்கம் போதும்.

படி 4: எழுத்தும் படமும்

பெரும்பாலான கடைகள் கோட்டை விடுவது இங்கேதான். கையில் இருக்கிற நோட்டீஸை அப்படியே படமாக ஏற்றி, "விலைப்பட்டியல் பார்க்கவும்" என்று போட்டுவிடுகிறார்கள். போனில் அதை இழுத்து இழுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். தேடுபொறியும் படத்துக்குள் இருப்பதைவிட எழுத்தாக இருப்பதைத்தான் ஒழுங்காகப் புரிந்துகொள்ளும். விலையை எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் அடிக்கும் கடைகளில் இன்னமும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அந்த ஃபைலிலிருந்து காப்பி எடுத்து வெப்சைட்டில் ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வந்து நிற்கும். எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரேமாதிரி தெரியும் யூனிகோட் எழுத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது போனிலேயே புதிதாகத் தட்டுங்கள். நோட்டீஸில் இருப்பதே ஒரு பக்கம்தான். எழுத்துரு வேண்டுமானால் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம், கண்ணுக்கும் நன்றாக இருக்கும்.

பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள். தமிழ் பேசுகிறவர்களே கடலை மிட்டாயை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள், நம் பழக்கம் அது.

படத்துக்கு ஸ்டுடியோ வேண்டாம். காலை வெயில் விழும் ஜன்னலோரம், வெள்ளைத் தாள் மேல் மிட்டாய். மேலே தூவிய கலர் தேங்காய்த் துருவல் தெரியும்படி கிட்டே ஒன்று, பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம், பாகு கிண்டும் கடாய் ஒன்று. போனில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். ஸ்க்வூஷ் என்ற இலவசத் தளத்தில் போட்டு 200 கேபிக்குள் சுருக்கிவிட்டு ஏற்றுங்கள். சிக்னல் குறைந்த இடத்தில் திறப்பவர் பாதியில் போய்விடக் கூடாது.

படி 5: ஆர்டர் எடுப்பது

டபிள்யூ-ஏ டாட் எம்-இ (wa.me) என்று எழுதி, ஒரு சாய்கோடு போட்டு, 91 சேர்த்து உங்கள் பத்து இலக்க எண்ணை இடைவெளி இல்லாமல் போட்டால் அது வாட்ஸப் லிங்க். பிளஸ் குறியும் முன்னால் பூஜ்யமும் வேண்டாம். இதை ஒரு பச்சை பட்டனாக எல்லாப் பக்கத்திலும் வையுங்கள். அமுக்கியதும் உங்கள் சாட் திறக்கும். ஆர்டர் பெருகிய பிறகு, வெப்சைட்டிலேயே பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே சேவையைச் சேர்த்துக்கொள்ளலாம். பொதுவாக ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 2 சதவீதம் அளவில் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள், விலை போடும்போது அதைக் கணக்கில் வைக்க வேண்டும். பணம் திருப்பித் தரும் விதிமுறை, தனியுரிமை, தொடர்பு விவரம் ஆகிய பக்கங்கள் இல்லாமல் அவர்கள் கணக்கையும் திறந்துவிட மாட்டார்கள்.

படி 6: கட்டாயம் இருக்க வேண்டியவை

உணவுப் பொருள் என்பதால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிமம்) எண் தெரியும்படி இருக்கட்டும். நிகர எடை, எம்ஆர்பி, தயாரிப்பாளர் முகவரி பாக்கெட்டில் இருந்தால் போதாது, ஆன்லைனில் விற்கும்போது பக்கத்திலும் காட்ட வேண்டும். 2020-ம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகள்படி, புகார் வந்தால் பதில் சொல்பவர் யார் என்பதையும் பெயரோடு குறிப்பிட வேண்டும். புவிசார் குறியீட்டு முத்திரை ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கோவில்பட்டியில் செய்கிறோம் என்பதற்காக மட்டும் அதைப் போட்டுவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்தவர்கள்தான் பயன்படுத்தலாம்.

படி 7: கூகுளுக்குச் சொல்லுங்கள்

கூகுள் பிசினஸ் கணக்கில் கடையைப் பதிந்து, வெப்சைட் என்ற இடத்தில் உங்கள் முகவரியைக் கொடுங்கள். கடை பெயர், போன் நம்பர், நேரம் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அப்புறம் சர்ச் கன்சோல் என்ற கூகுள் கருவி. இலவசம்தான். என்னென்ன வார்த்தை தட்டி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்பதை அது காட்டும். "கடலை மிட்டாய் மொத்த விலை" என்று பலர் வருகிறார்கள் என்றால், மொத்த விலைக்குத் தனிப் பக்கம் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

கடைசியாக, உங்கள் தொழில் பற்றி எதுவும் தெரியாத உறவுக்காரர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, "அரை கிலோ ஆர்டர் பண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். எங்கே தடுமாறி "இது எங்க இருக்கு?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்துங்கள். கடலை, வெல்லம் விலை ஏறி பாக்கெட் விலையை மாற்றினால், கடைப் பலகையில் மாற்றும் அன்றைக்கே இங்கேயும் மாற்றிவிடுங்கள்.